பார்க் பாத்ரூம் பூட்டு திறந்த கதை

அம்மாவுக்கு சுகர். தினமும் அரை மணி நேரம் நடங்கன்னு டாக்டர் சொன்னதுல இருந்து சாயங்காலம் வீட்டுக்குப் பக்கத்து மாநகராட்சி பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன். சுகர் உள்ளவங்களுக்குத் தெரியும், தாகமும் எடுக்கும், அடிக்கடி ஒண்ணுக்கும் வரும், இந்த பார்க்ல ரெண்டுக்குமே வழி இல்ல. பாத்ரூம் இருக்கு, டைல்ஸ் எல்லாம் போட்டு நல்லாத்தான் கட்டிருக்காங்க, கதவுலதான் துருப்பிடிச்ச பூட்டு. குடிதண்ணி மெஷினும் இருக்கு, குழாய் இருந்த ஓட்டைய மரக்கட்டை வச்சு அடைச்சிருக்காங்க. அம்மா என்ன பண்ணிருக்காங்கன்னா, கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே தண்ணி குடிக்கறத நிறுத்திட்டாங்க, எனக்கு அது தெரியவே பத்து நாள் ஆச்சு.

வாட்ச்மேன் அண்ணன்ட்ட கேட்டா "சாவி காண்ட்ராக்டர்ட்ட இருக்கு தம்பி"ன்னார். அவரே எதிர் டீக்கடை பின்னாடிதான் போறார், பாவம்.

மாநகராட்சி ஆப்ல கம்ப்ளைன்ட் போட்டேன். மூணாம் நாள் "சரி செய்யப்பட்டது"ன்னு மெசேஜ், கூட ஒரு போட்டோ. ஜூம் பண்ணிப் பாத்தா பாத்ரூம் வெளிச்சுவரு, கழுவி விட்ட தரை, ஓரத்துல அதே பூட்டு. திரும்பப் போட்டேன், திரும்ப அதே போட்டோ.

அப்புறம்தான் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு. ஆபீஸ்ல கூட வேலை பாக்குற அக்கா ஏற்கனவே ரெண்டு மூணு போட்டவங்க. "ஏன் பூட்டி வச்சிருக்கீங்கன்னு கேக்காத, ஏன்னு கேட்டா தட்டிக் கழிச்சிருவாங்க, ஃபைல்ல இருக்கற பேப்பரைக் கேளு"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு உதவுச்சு. பராமரிப்பு ஒப்பந்த நகல், திறக்கற மூடுற நேரம் பத்தின உத்தரவு, கடைசி ஆறு மாச பில், இதெல்லாம் கேட்டு வெள்ளைப் பேப்பர்ல தமிழ்லயே எழுதி, பொதுத் தகவல் அலுவலர்னு போட்டு, தமிழ்நாட்ல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாலே போதும்ங்கறதால அதை ஒட்டி, அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோட அனுப்பினேன். எதுக்குக் கேக்கறோம்னு காரணம் எழுதத் தேவையில்ல, 2005 சட்டத்துலயே அது இருக்கு. 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா மேல்முறையீடு.

27ஆம் நாள் லெட்டர் வந்துச்சு: 19 பக்கம் இருக்கு, பக்கத்துக்கு 2 ரூபா, 38 ரூபா கட்டுங்க. நேர்ல போய்க் கட்டிட்டு வந்தேன். பேப்பரைப் பாத்தா காலை 5 மணில இருந்து ராத்திரி 9 வரைக்கும் திறந்திருக்கணுமாம், ஒரு ஆள் முழு நேரமும் இருக்கணுமாம், அந்த ஆளுக்கு மாசாமாசம் பில்லும் போயிருக்கு! எந்த ஆளு? நான் பாத்ததே இல்ல.

அந்த ரெண்டு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து மஞ்சள் மார்க்கர் போட்டு மாநகராட்சி ஏஇ (உதவிப் பொறியாளர்) கையில குடுத்தேன், சண்டை எல்லாம் போடல. ஒரு நிமிஷம் படிச்சுட்டு போனை எடுத்தார். மோட்டார் காயில் எரிஞ்சு நாலு மாசம் ஆச்சாம், மேல் டேங்க்குக்குத் தண்ணி ஏறல, தண்ணி இல்லாம திறந்து விட்டா நாறிடும்னு பூட்டிட்டாங்களாம். இதை மொத நாளே சொல்லிருந்தா நானே நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் மோட்டாருக்குன்னு மனு குடுத்திருப்பேன்.

பத்து நாள்ல திறந்துட்டாங்க. பெண்கள் பக்கம் உள் தாழ்ப்பாள் இல்ல, அம்மா போனா நான் வெளிய காவல் நிக்கறேன். குடிதண்ணி மெஷின்ல மரக்கட்டை அப்படியே இருக்கு, கேட்டா அது வேற காண்ட்ராக்டாம். இன்னொரு 10 ரூபா ஸ்டாம்ப் வாங்கி வச்சிருக்கேன்.