எங்கள் ஒழுங்கைக் கிணற்றைப் பரிசோதித்த கதை

கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்போம் என்றால் மட்டக்களப்புக் கரையோரத்தில் முதலில் வரும் பதில், "நல்ல தெளிஞ்ச தண்ணி, இதுக்கு என்ன குறை?" என்பதுதான். எங்கள் ஒழுங்கையிலும் அதே கதை. குழாய் இணைப்பு இன்னும் வராத வீடுகள், ஒரு பொதுக் கிணறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். அந்த மணலில் தங்கும் மழைநீரைத்தான் குடிக்கிறோம். மலசலகூடக் குழிகளும் அதே மணலில்தான்.

மாரி முடிந்த கையோடு பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றோட்டம் வந்தது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் போய்ப் பி.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கண்டு கதைத்தேன். கடிதம் கொடுக்கச் சொன்னார். "கிருமிப் பரிசோதனை, இரசாயனப் பரிசோதனை இரண்டையும் தனித்தனியா எழுதுங்க, நைத்திரேற்று என்று பெயர் சொல்லியே கேளுங்க" என்றார். நைத்திரேற்று என்பது மலசலகூடக் குழி போன்றவற்றிலிருந்து கிணற்றுத் தண்ணீரில் கலக்கக்கூடிய உப்பு. அந்த ஒரு வரி பின்னால் பெரிதாக உதவியது.

மாதிரி எடுத்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் வாளியை நீட்டினோம், பி.எச்.ஐ. தொடவில்லை. அதில் அள்ளினால் வாளியின் அழுக்கையும் சேர்த்தல்லவா பரிசோதிப்போம்! கிருமி நீக்கிய போத்தலின் கழுத்தில் கயிறும் பாரத்துக்குக் கல்லும் கட்டி, சுவரில் முட்டாமல் இறக்கினார். மூடியைக் கீழே வைக்காமல், உட்புறத்தில் விரல் படாமல் கையிலேயே பிடித்திருந்தார். போத்தலை முட்ட நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேர்ந்தால் நல்லதாம், அதனால்தான் காலையிலேயே வந்தார். இரசாயனத்துக்கு வேறு போத்தல்.

முடிவு வருவதற்கு இழுத்தடித்தார்கள், அதை விடுவோம். இலங்கைத் தர நியமம் எஸ்.எல்.எஸ். 614-இன்படி 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஈ.கோலை, அதாவது மலம் கலந்ததைக் காட்டும் கிருமி, ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்கள் கிணற்றில் இருந்தது. நைத்திரேற்றுக்கு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"இதைக் குடிச்சுத்தானே மனே நாங்க வளர்ந்த நாங்க" என்றார் பெரியம்மா. "அப்ப இந்த ஒழுங்கையில எத்தனை மலசலகூடக் குழி இருந்தது, பெரியம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுகா அவரே பக்கத்து வீடுகளுக்கும் சொல்லத் தொடங்கினார்.

குளோரின் போடுவதற்குக் கிணற்றை அளந்தோம். விட்டம் 1.2 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர், ஏறக்குறைய 2,260 லீற்றர். அதற்கேற்ற தூளை பி.எச்.ஐ. நிறுத்துத் தந்தார். தூளை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, அடையவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஓர் இரவு விட்டு, மணம் குறையும்வரை இறைத்தோம். இளைஞர்கள் மோட்டரை வைத்து அடிவரை வற்ற இறைக்கப் பார்த்தார்கள். இது மணல் கிணறு, மேலே இருக்கும் நன்னீரை அளவு மீறி இழுத்தால் கீழே இருக்கும் உவர் நீர் ஏறிவிடும் என்று தடுத்தோம். 2004 சுனாமிக்குப் பிறகு அளவுக்கு மிஞ்சி இறைத்துக் கிணற்றை இன்னும் உப்பாக்கிக்கொண்டவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள்.

அடுத்த பரிசோதனையில் ஈ.கோலை இல்லை. ஆனால் குளோரினுக்கு நைத்திரேற்று அசையாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அது கூடிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்ல முடியாமல் போகலாம். எல்லைக்கு இவ்வளவு கிட்ட நிற்கும்போது எதற்கு வம்பு என்று, புட்டிப்பால் குடிக்கும் குழந்தை உள்ள வீட்டுக்கு மட்டும் பவுசர் (தாங்கி லொறி) தண்ணீர் எடுக்கிறோம்.

கிணற்றைச் சுற்றி சிமெந்துத் தளம் போட்டு, கழிவுநீர் தள்ளிப் போக வாய்க்கால் வெட்டினோம். பொது வாளி ஒன்றுதான், அது தரையில் வைக்கப்படுவதில்லை. குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடி விடச் சொல்கிறார்கள். பத்துப் பேர்ச் (ஏறக்குறைய 2,700 சதுர அடி) காணியில் ஐம்பது அடிக்கு எங்கே போவது? அதிலும் அடுத்த வளவுக்காரர் குழி எந்தப் பக்கம் என்று யார் பார்க்கிறார்கள்? அந்தப் பேச்சு இன்னும் சண்டையில்தான் நிற்கிறது. வரும் மாரியின் முதல் மழைக்குப் பிறகு மறுபடி மாதிரி எடுக்கக் கடிதம் கொடுத்தாயிற்று. இந்த முறை தனிக் கிணறு வைத்திருக்கும் வீடுகளும் பெயர் கொடுத்திருக்கின்றன.