வெள்ளைக் கோடு

14 வருஷமாக அறிவியல் எடுக்கிறேன். உணவுச் சங்கிலி வந்தால் கரும்பலகையில் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று எழுதி அம்புக்குறி போடுவேன். பத்து நிமிஷத்தில் பாடம் முடிந்துவிடும். போன மாசியில் 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் 23 பேரை அரிட்டாபட்டிக்குக் கூட்டிப் போய் வந்ததிலிருந்து அப்படி முடிக்க மனசு வரவில்லை.

மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கம் இருக்கிறது அரிட்டாபட்டி. அதையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193.215 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. வலசை வந்த தகைவிலான்கள் இன்னும் கிளம்பவில்லை. கண்மாய்க்கு மேலே கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பாறையடியில் ஒரு பையன் குனிந்து சாம்பல் நிற இறகு ஒன்றை எடுத்தான். மாடப்புறா இறகு. அடித்தண்டு சிதையாமல் முழுசாக இருந்தது. நாயோ பூனையோ என்றால் கடித்ததில் தண்டு முறிந்திருக்கும். இதை ஏதோ வேட்டைப் பறவை அலகால் பிடுங்கிப் போட்டிருக்கிறது. பக்கத்திலேயே இன்னும் ஐந்தாறு கிடந்தன.

“டீச்சர், அங்கிட்டுப் பாருங்க, சுண்ணாம்பு ஊத்துன மாதிரி!”

செங்குத்துப் பாறையில் ஒரு விளிம்பிலிருந்து வெள்ளையாகக் கோடு இறங்கியிருந்தது. எச்சம். ஒரே இடத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்தால்தான் அப்படிப் படியும். ஷாஹீன் வல்லூறாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். புறா மாதிரிப் பறவைகளைப் பிடித்துத் தின்னும் வேட்டைப் பறவை அது; கூடு கட்டாது. இந்த மாதிரிப் பாறை விளிம்பில், மண்ணை லேசாகக் கிளறி முட்டையிடும். மாசி அதற்கு இனப்பெருக்கக் காலம்.

பஸ்ஸில் வரும்போது ஆசையில் ஒரு வார்த்தை விட்டிருந்தேன்: “முட்டை இருந்தா காட்டுறேன்.” அதைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே ஏறத் தடமும் இருந்தது. நான் சொன்னது தப்பு என்று அங்கேயே அவர்களிடம் ஒத்துக்கொண்டேன். நாம் ஏறினால் தாய் பறந்துவிடும், இந்தப் பாறைச் சூட்டில் முட்டை தாங்காது, குஞ்சும் தாங்காது. படம் எடுக்கிறேன் என்று முட்டையிட்ட இடத்துக்கு நேரே டிரோன் விடுகிறவர்களும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முகம் வாடியது, ஆனால் ஒருவரும் அடம்பிடிக்கவில்லை. இந்தப் பக்கம் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தவர்களின் பிள்ளைகளும் இந்த 23 பேரில் இருந்தார்கள். அந்த மாதமே சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. இந்த மலையை விட்டுக்கொடுப்பதில்லை என்பதை அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

புளியமர நிழலில் உட்கார்ந்தோம். இருப்பது ஒரே பைனாகுலர். கைமாற்றிக் கைமாற்றி முக்கால் மணி நேரம். அம்புபோல ஒன்று பாறையை ஒட்டி வந்தது. காலில் எதையோ இடுக்கியிருந்தது. விளிம்புக்குள் நுழைந்தது, வெறுங்காலோடு வெளியே வந்தது.

“உள்ள யாரோ இருக்காங்க டீச்சர்,” என்றாள் பக்கத்தில் இருந்தவள், காதோடு காதாக.

கிளம்பும்போது அந்தப் பையன் இறகை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான்.