ஆதரவா, எதிர்ப்பா?

“அப்படியானால் உங்களை ஆதரவு என்று குறித்துக்கொள்ளவா, எதிர்ப்பு என்றா?” நான் கேட்டது இவ்வளவுதான். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். எதிர்ப்பு என்று போட்டேன்.

2021 செப்டம்பர் 22. வரும் ராக்கெட்டுகளை வானிலேயே அழிக்கும் இஸ்ரேலின் அயர்ன் டோம் அமைப்புக்கு அமெரிக்கா 100 கோடி டாலர் கொடுப்பதை முந்தின நாள்தான் இடைக்கால நிதி மசோதாவிலிருந்து எடுத்திருந்தார்கள். தனி மசோதாவாக வரப்போகிறது என்றதும் வாஷிங்டனில், நான் வேலை பார்த்த பிரதிநிதிகள் சபை உறுப்பினரின் அலுவலகத்தில் போன் ஓயவில்லை. தாளில் அழைப்புக்கு ஒரு வரி, ஆதரவா எதிர்ப்பா என்று. மாலைக்குள் எண்ணிக்கையை மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவின் அக்கா குடும்பம் காஸாவில் இருக்கிறது. அந்த ஆண்டு மே மாதம் இஸ்ரேலுக்கும் ஹமாஸுக்கும் நடந்த சண்டையில் பக்கத்துக் கட்டடம் தரைமட்டம். “இஸ்ரேலின் அஷ்கெலோனில் ஒரு குழந்தை மேல் ராக்கெட் விழட்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கூரை இருக்கட்டும். எங்களுக்கு எங்கே கூரை?”

இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

எனக்கு அந்த மசோதா சரி என்றே பட்டது. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். வருகிற ராக்கெட் எங்கே விழும் என்று ராடார் கணக்கிடும். வெட்டவெளி என்றால் விட்டுவிடும், ஊர் என்றால்தான் அதை மறிக்கத் தாமிர் என்ற ஏவுகணை கிளம்பும். மே மாதத்தின் அந்த 11 நாளில் 4,000-க்கு மேல் ராக்கெட்டுகள் வந்தும் இஸ்ரேலில் இறந்தவர்கள் 13 பேர். இது இல்லாவிட்டால் இஸ்ரேலின் தரைப்படை காஸாவுக்குள் போயிருக்கும், இன்னும் அதிகம் பேர் செத்திருப்பார்கள் என்று போனில் பலரிடம் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். ஆனால் காஸாவில் சுமார் 250 பேர் இறந்ததும் அதே 11 நாளில்தான். 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பிறகு அந்த வாதத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை.

இஸ்ரேலோடு போட்ட 2016 ஒப்பந்தப்படி ஏவுகணைத் தடுப்புக்கு ஆண்டுக்கு 50 கோடி டாலர் ஏற்கெனவே போகிறதே, இது எதற்கு என்றவர்களும் எதிர்ப்பு. வெளிநாட்டுக்கு ஒரு காசும் கூடாது என்றவர்களும் எதிர்ப்பு. அவர்களோடு இந்த அம்மாவும். மறுநாள் அவையிலும் அப்படித்தான் ஆனது: எதிர்த்த ஒன்பது பேரில் குடியரசுக் கட்சியின் தாமஸ் மாஸியும் இருந்தார், ஜனநாயகக் கட்சியில் பாலஸ்தீன வம்சாவளியான ரஷிதா தலீபும் இருந்தார், இருவர் காரணத்துக்கும் ஒட்டுறவே கிடையாது.

ஆதரவு 420. என் ஒரு வரி எங்கே இருந்திருந்தாலும் அது மாறியிருக்காது. செனட்டில் இழுபட்டாலும் 2022 மார்ச்சில் பணம் ஒதுக்கப்பட்டுவிட்டது. இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சரி, அந்த அம்மா என்ன வாக்கை மாற்றவா கூப்பிட்டார்?

உறுப்பினர்களுக்காவது ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை, அவையில் இருக்கிறேன் என்று மட்டும் பதிவு செய்ய வழி உண்டு. ஜனநாயகக் கட்சியின் ஒகாசியோ-கோர்டெஸ் உட்பட இருவர் அப்படித்தான் செய்தார்கள். என் தாளில் அந்த வழி இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஓரத்தில் குறிப்பு எழுத இடம் இருந்தது. அந்த அம்மா சொன்னதை அப்படியே இரண்டு வரியில் எழுதியிருக்கலாம்.

ஆதரவு என்று போடுவது அதைவிடப் பெரிய பொய் என்பதால்தான் எதிர்ப்பில் போட்டேன் என்று நினைக்கிறேன். இல்லை, காஸா என்று காதில் விழுந்ததுமே என் கை அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டதோ என்னவோ.