மடங்கிய லெக் கார்டு

பைக்கின் முன்னால் காலைக் காக்கும் குழாய், லெக் கார்டு, மடங்கிப்போயிருந்தது. "அடிச்சு நிமித்திட்டா போதாதா?" என்று கேட்டேன்.

செங்கோட்டை மெக்கானிக் பதில் சொல்லவில்லை. கார்டையும் எஞ்சினையும் சேர்த்துத் தாங்கும் நீள போல்டை உருவி, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிவிட்டார். நேராக ஓடவில்லை, நொண்டியது.

"அடி எங்க போயிருக்கு பாத்தீங்களா அண்ணாச்சி? இதையும் சேத்து மாத்திருவோம்."

புளியரை எஸ் வளைவில், சாரல் ஈரத்தில், வண்டி சாய்ந்ததன் கணக்கு இது. காலுக்கு ஒன்றுமில்லை, கார்டுதான் வாங்கிக்கொண்டது.

மடங்கிய குழாயை நிமிர்த்தினால் பார்வைக்குச் சரியாகிவிடும், மடிந்த இடத்தில் பலம் இருக்காது. குரோம் வெடித்த இடத்தில் துரு வேறு.

எஞ்சினுக்கு அடியில் ஜாக் கொடுத்து, புது கார்டின் போல்டுகளை எல்லாம் முதலில் கையாலேயே கோத்தார். அப்புறம்தான் ஸ்பேனர். ஒரு பக்கத்தை முன்னாடியே இறுக்கினால் மறுபக்கத்து ஓட்டை சேராது.

ஆரியங்காவிலிருந்து வந்த பையன் ஒருவன் பக்கத்தில் நின்று, இருப்பதிலேயே தடியான கார்டாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மடங்கினால் மட்டமான சரக்கு என்றுதான் நாமும் திட்டுகிறோம். மடங்கவே மடங்காத கார்டு, அடியை அப்படியே வண்டியின் எலும்புக்கூடான ஃபிரேமுக்கு அனுப்பிவிடும். ஃபிரேம் மாற்றும் செலவை யாராவது அவனுக்குச் சொன்னால் தேவலை.