லக்ஸ் ஹெடரை வட்டிலிருந்து பிரித்து வைத்த அனுபவம்

காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஒரே சர்வரில், மென்பொருளால் உருவான நான்கு மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. அவற்றின் வட்டுகள் சர்வரில் இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் சேமிப்புப் பெட்டியிலிருந்து ஐஸ்கஸி என்ற முறையில் நெட்வொர்க் வழியாக வருகின்றன. ஒவ்வோர் இரவும் அந்த வட்டுகளின் முழு நகல் வேறோர் ஊரில் வாடகைக்கு எடுத்த சேமிப்பகத்துக்குப் போகும். உள்ளே இருப்பவை பான் அட்டைகள், வங்கிக் கணக்குகள், பாகப்பிரிவினைப் பத்திரங்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் குடும்பங்கள் சொந்த ஊர் ஆடிட்டரை நம்பி ஒப்படைத்தவை அவை.

வட்டுகள் எல்லாம் லினக்ஸின் வட்டுப் பூட்டு முறையான லக்ஸில் குறியாக்கம் செய்யப்பட்டிருந்ததால், வெளியூர் போகும் நகலைப் பற்றி நான் நெடுநாள் கவலைப்படவில்லை. கடவுச்சொல் தெரிந்த ஓர் ஊழியர் வேலையிலிருந்து விலகியபோது, வழக்கம்போல அவருக்குரிய கீ ஸ்லாட்டை, அதாவது அவருடைய கடவுச்சொல்லுக்கான இடத்தை, நான்கு வட்டுகளிலும் அழித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது: முந்தைய இரவு வரை அனுப்பிய நகல்கள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஸ்லாட்டுகள் அடங்கிய தலைப்பகுதியான பழைய ஹெடர் அப்படியே இருக்கிறது, அதில் அவருடைய ஸ்லாட் அழியாமல் இருக்கிறது. அவர் மீது எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் ஒரு கதவை அடைத்துவிட்டேன் என்று ஆடிட்டரிடம் சொல்லிவிட்டு, அது அடைபடவில்லை என்று தெரிந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

லக்ஸில் நாம் இடும் கடவுச்சொல் தரவை நேரடியாகப் பூட்டுவதில்லை. தரவைப் பூட்டுவது வட்டை உருவாக்கும்போதே தோன்றும் ஒரு முதன்மைச் சாவி. அந்தச் சாவியைக் கடவுச்சொல்லால் பொதிந்து ஹெடரின் ஸ்லாட்டுகளில் வைக்கிறார்கள். கடவுச்சொல்லை மாற்றினால் பொதிதான் மாறுகிறது, முதன்மைச் சாவி மாறுவதில்லை. ஆகவே பழைய ஹெடரும் பழைய கடவுச்சொல்லும் ஒருவர் கையில் சேர்ந்தால் இன்றைய தரவும் திறக்கும். அதோடு, ஹெடர் சேர்ந்த நகல் யாரிடம் போனாலும் அவர் தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டு கடவுச்சொல்லை எத்தனை முறை வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கலாம். லக்ஸின் புதிய வடிவமான லக்ஸ்2இல், கடவுச்சொல்லிலிருந்து சாவியைக் கணக்கிடும் ஆர்கான்2 என்ற முறை ஒவ்வோர் ஊகத்துக்கும் 1 ஜிபி வரை நினைவகம் கேட்டு அதை மெதுவாக்குகிறது. ஆனால் நாங்கள் வைத்திருந்ததுபோல் எளிய கடவுச்சொல்லுக்கு அது எவ்வளவு தூரம் காவல் நிற்கும்? ஹெடர் இல்லாத நகலில் ஊகிப்பதற்கே எதுவும் இல்லை. அதனால் ஹெடரை வட்டிலிருந்து பிரிப்பது என்று முடிவு செய்தேன்.

எந்த மட்டத்தில் பிரிப்பது என்பதில் சிறிது தயங்கினேன். 2024இல் வந்த கியூஎமு 9.0 முதல், மெய்நிகர் கணினியை ஓட்டும் அந்த மென்பொருளே தனி ஹெடரை ஏற்கிறது. ஆனால் எங்கள் சர்வரில் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு. மேலும் கியூஎமு கையாள்வது பழைய வடிவமான லக்ஸ்1 மட்டுமே, அதில் ஆர்கான்2 கிடையாது. எனவே சர்வரின் லினக்ஸிலேயே கிரிப்ட்செட்அப் என்ற கருவியைக் கொண்டு வட்டைத் திறந்து, திறந்த வட்டை மெய்நிகர் கணினிக்குக் கொடுக்கும் பழைய வழியையே வைத்துக்கொண்டேன். உள்ளே ஓடும் கணினிக்குக் குறியாக்கம் இருப்பதே தெரியாது. சேமிப்புப் பெட்டிக்கும் வெளியூர் நகலுக்கும் குறியாக்கம் ஆன தரவைத் தவிர வேறெதுவும் தெரியாது.

இருக்கும் வட்டின் ஹெடரை வெட்டி எடுத்து வேறிடத்தில் வைப்பது எளிது. ஆனால் முதன்மைச் சாவி அப்போதும் பழையதாகவே இருக்கும். ஆகவே நான்கு புதிய வட்டுகளை உண்டாக்கி, புதிய சாவியோடு, நீண்ட புதிய கடவுச்சொற்களோடு தரவை ஒரு சனிக்கிழமை இரவு முழுவதும் நகர்த்தினேன். முதல் வட்டில் ஒரு தவறு செய்தேன். ஹெடர் தனியாக இருக்கும்போது தரவு வட்டின் முதல் செக்டாரிலிருந்தே, அதாவது முதல் 512 பைட் துண்டிலிருந்தே, தொடங்கிவிடுகிறது. பின்னாளில் ஹெடரை மீண்டும் வட்டிலேயே சேர்க்க விரும்பினால் அதற்கு இடம் இராது. ஆஃப்செட் என்ற விருப்பத்தில் 32768 செக்டார்களை, அதாவது லக்ஸ்2 ஹெடருக்கு வேண்டிய 16 எம்பியை, முன்னால் காலியாக விட்டால் அந்த வழி திறந்தே இருக்கும். இதைப் படித்தபோது முதல் வட்டு முடிந்துவிட்டிருந்தது. அதை அழித்து மறுபடியும் தொடங்கினேன். நகர்த்தி முடித்ததும் பழைய வட்டுகளின் ஸ்லாட்டுகள் அனைத்தையும் அழித்து, வெளியூரில் இருந்த பழைய நகல்களையும் நீக்கினோம். அந்தப் பழைய நகல்களுக்கு நீக்குவதைத் தவிர வேறு மருந்து இல்லை. புதிய சாவி அவற்றைக் காப்பதில்லை.

வட்டைத் திறந்த பிறகு ஹெடர் தேவைப்படுவதில்லை, சாவி லினக்ஸின் மையமான கெர்னலின் நினைவகத்தில் இருக்கும். அதனால் ஹெடர் கோப்புகள் நான்கையும் ஒரு யூஎஸ்பி குச்சியில் வைத்து, சர்வரைத் தொடங்கும்போது மட்டும் செருகி, திறந்தவுடன் கழற்றி, பக்கத்துத் தெருவில் உள்ள ஆடிட்டர் வீட்டு பீரோவில் வைப்பது என்று ஏற்பாடு. சர்வரும் சேமிப்புப் பெட்டியும் ஒருங்கே திருட்டுப் போனாலும் எடுத்தவருக்குப் பயன்படாது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் நிர்வாக உரிமையைப் பிடித்துவிட்டவரிடமிருந்து இது காக்காது. அதையும் ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீண்ட மின்வெட்டு. யூபிஎஸ் தாங்கவில்லை. திங்கட்கிழமை காலை குச்சியைச் செருகினேன், கடவுச்சொற்களை இட்டேன், நான்கு வட்டுகளும் மறுப்பேதும் இல்லாமல் திறந்தன. ஆனால் இரண்டு கணினிகள் எழவில்லை; தொடங்குவதற்குரிய வட்டு இல்லை என்ற ஒரு வரி திரையில் நின்றது. உடன் வேலை பார்க்கும் தம்பி அதற்குள் இயங்குதளத்தின் நிறுவல் படிமத்தை இணைத்துவிட்டு, “அண்ணே, டிஸ்க் காலியா இருக்குண்ணே. புதுசாப் போட்டு பேக்கப்புல இருந்து இறக்கிரவா?” என்று கேட்டார். என்டர் விசையின் மீது அவர் விரல் இருந்தது. கையைப் பிடித்து நிறுத்தினேன்.

வட்டு காலியாக இல்லை. மின்சாரம் வந்தபோது சேமிப்புப் பெட்டியின் வட்டுகள் வேறு வரிசையில் வந்து சேர்ந்திருந்தன. நேற்று எஸ்டிபி என்ற பெயரில் இருந்தது இன்று எஸ்டிசி ஆகியிருந்தது. கணக்கு வட்டின் ஹெடரைக் கோப்பு வட்டோடும், கோப்பு வட்டின் ஹெடரைக் கணக்கு வட்டோடும் நான் இணைத்துவிட்டேன். கடவுச்சொல் சரியா என்று ஹெடர் தனக்குள் இருக்கும் சரிபார்ப்பு மதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறதே தவிர, எதிரே இருக்கும் வட்டு தன்னுடையதுதானா என்று பார்ப்பதில்லை. கிரிப்ட்செட்அப்பின் கையேடு இதை எச்சரிக்கையாகவே சொல்கிறது. நான் அதைப் படித்திருந்தும் மனத்தில் வாங்கவில்லை. தவறான சாவியால் படித்தால் வெறும் குப்பைதான் கிடைக்கும், அது புது வட்டைப் போலவே தோன்றும். தம்பி என்டரை அழுத்தியிருந்தால் புதிய நிறுவல் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கோப்புகள் மேல் எழுதப்பட்டிருக்கும்.

ஹெடர் வட்டிலேயே இருந்த காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் வட்டின் தனி அடையாள எண்ணான யூயூஐடியும் ஹெடரில்தான் இருக்கும். ஹெடரை எடுத்துவிட்டால் வட்டுக்குப் பெயரே இல்லாமல் போகிறது. வட்டுகளை அடையாளம் காட்டும் பிஎல்கேஐடி கட்டளை அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. இப்போது ஒவ்வொரு வட்டையும் சேமிப்புப் பெட்டி தரும் வரிசை எண்ணைக் கொண்டே அழைக்கிறேன். திறக்கும் ஸ்கிரிப்ட் முதலில் படிக்க மட்டும் உரிமையோடு திறந்து, உள்ளே தெரியும் பார்ட்டிஷன் அட்டவணையின் (வட்டின் பிரிவுகளைக் குறிப்பது) அடையாள எண் பதிவேட்டில் உள்ளதோடு பொருந்தினால் மட்டுமே மூடிவிட்டு எழுதும் உரிமையோடு மீண்டும் திறக்கிறது. சேமிப்புப் பெட்டியின் நிர்வாகப் பக்கத்திலும் நான்கு வட்டுகளுக்கும் ‘அழிக்கக் கூடாது’ என்று பெயரிலேயே எழுதிவைத்தேன். அவை அங்கே பயன்படாத வட்டுகளைப் போலத்தான் தெரிகின்றன.

அடுத்த கவலை குச்சி. அது கெட்டுப்போனால் நான்கு வட்டுகளும் போயின. கடவுச்சொல் தெரிந்தும் பயன் இல்லை. இரண்டாவது பிரதியைக் கானாடுகாத்தானில் ஆடிட்டரின் பூர்வீக வீட்டுப் பெட்டகத்தில் வைக்க அவரோடு போயிருந்தேன். அவருடைய தாயார் குச்சியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது தொலைஞ்சா என்ன தம்பி ஆகும்?” என்று கேட்டார்.

“காரைக்குடி வீட்டுல ஒண்ணு இருக்கு ஆச்சி. ரெண்டும் போச்சுன்னா எல்லாக் கணக்கும் போயிரும்.”

“அப்ப ரெண்டு பத்தாதே. இந்தப் பெட்டகத்துக்கே இன்னொரு சாவி தேவகோட்டையில என் தங்கச்சி வீட்டுல கெடக்கு. அங்கயும் ஒண்ணு குடுத்து வைங்க.”

அப்படியே மூன்றாவது பிரதி தேவகோட்டைக்குப் போனது. கடவுச்சொற்களை எழுதிய உறை மட்டும் இந்த மூன்று இடங்களிலும் இல்லாமல் நான்காவது இடத்தில் இருக்கிறது.

பிரதிகள் பெருகும்போது முதலில் விரட்டிய பேயே மறுபடியும் வந்துவிடக்கூடும் என்பதை மூன்று மாதம் கழித்து நடத்திய முதல் சோதனையில் கண்டேன். தேவகோட்டைக் குச்சியை வரவழைத்து, வெளியூர் நகலில் ஒன்றை இறக்கி, படிக்க மட்டும் திறந்து பார்த்தேன். புதிய கடவுச்சொல் செல்லவில்லை. இடையில் ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியபோது காரைக்குடிக் குச்சியையும் கானாடுகாத்தான் குச்சியையும் புதுப்பித்துவிட்டு இதை விட்டுவிட்டேன். நீக்கிவிட்டதாக நான் எண்ணிய கடவுச்சொல்லை இட்டேன், தரவு திறந்தது.

அன்றிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஹெடருக்கும் ஒரு பக்கம். வட்டின் வரிசை எண், ஹெடரின் யூயூஐடி, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஷா-256 மதிப்பின் கடைசி எட்டு எழுத்துகள், மூன்று குச்சிகளிலும் அந்த மதிப்பைச் சரிபார்த்த தேதி, சரிபார்த்தவர் கையொப்பம். கடவுச்சொல் மாறினால் மூன்று குச்சிகளும் காரைக்குடிக்கு வந்தாக வேண்டும். பழையவற்றின் மேல் எழுதுவதில்லை, புதிய குச்சிகளில் எழுதி, பழையவற்றைச் சுத்தியலால் உடைக்கிறோம், ஏனென்றால் ஃபிளாஷ் நினைவகத்தில் மேலெழுதினாலும் பழைய பிரதி உள்ளே தங்கிவிட வாய்ப்பு உண்டு.

இரண்டாவது சோதனையில் மூன்று குச்சிகளும் நான்கு நகல்களையும் திறந்தன, பழைய கடவுச்சொல்லை ஒன்றும் ஏற்கவில்லை. நோட்டில் தேதியைப் போட்டுத் தம்பி கையொப்பமிட்டார். மறுநாள் தேவகோட்டைக்குப் போய்க் குச்சியைக் கொடுத்துவிட்டு வந்ததும் அவரே.