ஹிமாலயனுக்குப் பட்டன் டயர்: அல்சூர் வீட்டு வாசலில் இரண்டு ஞாயிறுகள்

போன மழைக்காலத்தில் பெங்களூருக்குப் பக்கத்துச் சாவனதுர்கா மலை அடிவாரத்துச் செம்மண் பாதையில் என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் ஒரே காலையில் இரண்டு முறை சாய்ந்தது. வேகம் பத்துக் கிலோமீட்டர்கூட இருக்காது. இறங்கிப் பார்த்தேன். பின் டயரின் பள்ளங்கள் எல்லாம் களிமண்ணால் அடைபட்டு, டயர் மொழுகிவிட்ட திண்ணைபோல் வழுவழுப்பாக இருந்தது. 15,000 கிலோமீட்டர் ஓடிய டயர். நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்தது. 199 கிலோ வண்டியைச் சேற்றில் தனியாகத் தூக்கி நிறுத்திய அன்றே, இனி டயரைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாதம், எங்கெங்கே எவ்வளவு தூரம் ஓட்டுகிறேன் என்று குறித்து வைத்தேன். வார நாட்களில் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு. ஞாயிறுகளில் மாகடி பக்கம், இல்லாவிட்டால் ஓசூர் வழியாகத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி. கணக்குப் பார்த்தால் பத்தில் எட்டுப் பங்கு தார்ச்சாலையும் கான்கிரீட் சாலையும்தான். மண் இரண்டே பங்கு. ஆனால் நான் விழுவது அந்த இரண்டு பங்கில்தான். அதனால் ‘பெரும்பாலும் சாலைதானே’ என்று சாலை டயரையே மறுபடி வாங்க மனம் வரவில்லை.

பட்டன் டயர்களில், அதாவது தடித்த ரப்பர் கட்டைகள் துருத்தி நிற்கும் டயர்களில், கான்டினென்டல் டிகேசி 80 பார்க்க அழகு. கட்டைகளுக்கு இடையே நல்ல இடைவெளி இருப்பதால், சக்கரம் சுழலும்போது சேறு ஒட்டிக்கொள்ளாமல் தெறித்துவிடும். அதே இடைவெளிதான் சாலையில் இழப்பு: தரையைத் தொடும் ரப்பர் குறைவு, அதனால் சீக்கிரம் தேயும், நனைந்த கான்கிரீட்டில் பிரேக் பிடிக்கும்போது பிடிப்பும் குறையும். தினமும் மாலை மழையில் வெளிவட்டச் சாலையில் லாரிகளுக்கு நடுவே வருகிறவன் இதை அலட்சியப்படுத்த முடியாது. மிட்டாஸ் இ-09 மண்ணுக்கு இன்னும் நெருக்கமானது. கடைசியில், பாதி சாலை பாதி மண் என்று கருதிச் செய்யப்பட்ட மிட்டாஸ் இ-07 போதும் என்று நின்றேன்.

அளவில் எந்த மாற்றமும் செய்யவில்லை. முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம், கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். பின்னால் 130 போட்டால் கம்பீரமாக இருக்கும் என்றான் என் மைத்துனன். அதே ரிம்மில் அகல டயரைப் போட்டால் அதன் முதுகு கூடுதலாக வளையும். சேறு சேரும்போது பக்கத்து இடைவெளியும் போதாது. வேண்டாம் என்றுவிட்டேன். பக்கச்சுவரில் 54, 64 என்று இருப்பவை சுமைக் குறியீடுகள்: 54 என்றால் 212 கிலோ, 64 என்றால் 280 கிலோ. வண்டி, நான், பைகள் எல்லாம் சேர்த்து 300 கிலோவைத் தாண்டாது, தாராளம்.

ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் முன் டயரை எடுத்து வைத்தார்கள். பக்கச்சுவரில் இருக்கும் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்தேன். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த ஆண்டு. நான்கு ஆண்டு பழைய சரக்கு. வேறு கேட்டேன், முகம் சுளிக்காமல் உள்ளேயிருந்து புதியதைக் கொண்டுவந்தார்கள். டயர் வாங்குகிற யாரும் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

முதல் ஞாயிறு பின் சக்கரம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சைக் கழற்றி, சங்கிலியை இறக்கி, பிரேக் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகி வைத்தேன். தெரியாமல் பிரேக்கை மிதித்துவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். பழைய டயர் கழன்று வந்துவிட்டது. ரிம் நாடா சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஸ்போக் முனைகள் டியூப்பைக் குத்தாமல் காப்பது அதுதான். புதிய டயரின் சுழல் திசை அம்பைச் சரிபார்த்தேன். எல்லாம் முறையாகவே போயிற்று. கடைசி ஒரு சாண் விளிம்பு மட்டும் உள்ளே இறங்க மறுத்தது. டயரை நெம்பும் லீவரில் முழு பலத்தையும் கொடுத்தேன். இறங்கியது. காற்றடித்தால் நிற்கவில்லை. டியூப்பை உருவிப் பார்த்தால், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கீறல்கள், பாம்பு கடித்த தடம்போல.

தெருமுனையில் நாற்பது ஆண்டாகப் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். டியூப்பைப் பார்த்ததுமே கேட்டார்: “வால்வு பக்கம் ஆரம்பித்து எதிர்ப்பக்கம் முடித்தாயா, தம்பி?”

“ஆமாம், ஐயா.”

ரிம்மைப் படுக்க வைத்து, அதன் நடுவே ஓடும் பள்ளத்தில் என் விரலை வைத்து அழுத்தினார். டயர் விளிம்புக்குள் இருக்கும் கம்பி நீளாது. ஒரு பக்கம் அது இந்தப் பள்ளத்தில் விழுந்தால்தான் மறுபக்கத்துக்குத் தளர்வு கிடைக்கும். வால்வு இருக்கும் இடத்தில் டியூப்பின் தடித்த அடிப்பகுதி பள்ளத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால் வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, அங்கே முழங்காலை ஊன்றி விளிம்பைப் பள்ளத்தில் இறக்கி, இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக ஏற்றி, வால்வில் முடிக்க வேண்டும். முடிக்கும் முன் வால்வை உள்ளே ஒரு முறை தள்ளிவிட வேண்டும், டியூப் அகப்படாமல் இருக்க. “பலம் கேட்கிறது என்றால் எங்கேயோ தப்பு என்று அர்த்தம்” என்றார்.

அடுத்த ஞாயிறு புது டியூப். உருண்டை பிடிக்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று, மேலே பவுடர், விளிம்பில் சோப்புத் தண்ணீர். முழங்காலுக்குக் கீழே விளிம்பு பள்ளத்துக்குள் வழுகி இறங்குவதை உணர முடிந்தது. கடைசி ஒரு சாண், லீவரைக் கையால் மெல்லச் சாய்த்தபோதே ஏறிக்கொண்டது. 40 பிஎஸ்ஐ வரை காற்றடித்ததும் ‘டப், டப்’ என்று இரண்டு சத்தம். பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! முன் சக்கரம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

புது ரப்பரின் வழுவழுப்புப் போகும் வரை முதல் 150 கிலோமீட்டர் நிதானமாகவே ஓட்டினேன். அறுபதைத் தொட்டால் வண்டு ரீங்காரம்போல ஒரு சத்தம் வருகிறது, பழகிவிட்டது. சாவனதுர்காவின் அதே பாதையில், மழை விட்ட மறுநாள், பின் சக்கரம் ஒரு முறை நெளிந்து தானே நேரானது. கால் ஊன்றவே இல்லை.

சாலையில் காற்று முன்னால் 25, பின்னால் 32 பிஎஸ்ஐ வைக்கிறேன். மண்ணில் இறங்கும்போது இரண்டையும் 20 ஆக்கினேன். வால்வுக்கு நேரே டயரிலும் ரிம்மிலும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரே கோடு போட்டிருந்தேன். மஞ்சனபெலெ போய்வந்து பார்த்தால் பின்னால் மட்டும் கோடுகள் ஒரு நக அகலம் விலகியிருக்கின்றன. ரிம்முக்குள் டயர் நகர்கிறது என்று பொருள். இப்படியே விட்டால் டியூப்பையும் இழுத்து வால்வை அறுத்துவிடும். வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காமல் தொப்பியோடு சேர்த்து வைத்திருக்கிறேன், வால்வு சாய்ந்தால் கண்ணில் படும். டயரை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் ரிம் லாக் போட ரிம்மில் துளையிட வேண்டும். அதற்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. வரும் ஞாயிறு அஞ்செட்டிப் பாதையில் பின்னால் 24 வைத்து ஓட்டிவிட்டு, கோட்டை மறுபடி பார்க்க வேண்டும்.