44, 46, 49: எடையோடு சேர்ந்து வளர்தல்

டேக்வாண்டோ வகுப்பு முடியும் வரை வெளியே காத்திருக்கும் பெற்றோரிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: கருப்புப் பட்டை கிடைத்துவிட்டால் பிள்ளையைப் பெரிய போட்டிகளுக்கு அனுப்பிவிடலாமா? பட்டை இல்லாமல் முடியாது என்பது உண்மைதான். சியோலில் உள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவொன் கருப்புப் பட்டைக்கு வழங்கும் டான் சான்றிதழோ, 15 வயது நிரம்பாதவர்களுக்கு உரிய பூம் சான்றிதழோ கையில் இருந்தால்தான் சர்வதேசக் களத்தில் இறங்க முடியும். ஆனால் பட்டைத் தேர்வுகளும் போட்டிக் களமும் வேறு வேறு. 12 முதல் 14 வயது வரை கேடட், 15 முதல் 17 வரை ஜூனியர், 17 வயதிலிருந்து சீனியர் என்று நீளும் பாதையில் திறமையான பல பிள்ளைகள் நடுவழியில் காணாமல் போவதற்குப் பயிற்சிக் குறைவும் பணமின்மையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அவற்றுக்கு இணையாகச் சொல்ல வேண்டியது உடல் எடை என்பது என் எண்ணம்.

உலக ஜூனியர் போட்டியில் ஆண், பெண் இருபாலருக்கும் தலா 10 எடைப்பிரிவுகள் உள்ளன. சீனியர் உலகப் போட்டிக்கு வந்தால் அது 8 ஆகிறது. ஒலிம்பிக்கில் வெறும் 4. பெண்களுக்கு 49, 57, 67 கிலோ வரையிலான மூன்று பிரிவுகளும், 67 கிலோவுக்கு மேற்பட்ட ஒரு பிரிவும் மட்டுமே. 53 கிலோ பிரிவில் உலகப் பட்டமே வென்ற ஒருவராக இருந்தாலும், ஒலிம்பிக் வேண்டுமென்றால் நான்கு கிலோ இறங்க வேண்டும், அல்லது தன்னைவிடப் பெரிய உடல்களோடு மோத வேண்டும். இந்த முடிவை எடுக்க வேண்டிய காலம், வளர்ச்சி இன்னும் முடிந்திராத 17, 18 வயதில் வந்து நிற்பதுதான் சிக்கல்.

தாய்லாந்தின் பனிபக் வோங்பட்டனகிட் இதைக் கடந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1997இல் பிறந்த அவர், 2014இல் நான்ஜிங் இளையோர் ஒலிம்பிக்கில் 44 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். மறு ஆண்டு ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் 46 கிலோ பிரிவில், 17 வயதிலேயே, சீனியர் உலகப் பட்டம். 2016 ரியோவில் 49 கிலோவில் வெண்கலம். பின்னர் டோக்கியோவிலும் பாரிஸிலும் அதே பிரிவில் தங்கம். வளரும் உடலை அமுக்கிப் பிடிக்காமல், அது ஏற ஏறப் பிரிவும் ஏறி, ஒலிம்பிக் பிரிவில் வந்து நிலைகொண்டது. இதில் அவருடைய நாட்டின் பங்கும் பெரிது. 2004 ஏதென்ஸ் முதல் 2024 பாரிஸ் வரை நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் தாய்லாந்துப் பெண்கள் 49 கிலோ பிரிவில் பதக்கம் பெற்றிருக்கிறார்கள். அந்த இருபது ஆண்டுகளும் பயிற்சியாளர் ஒருவரே. கொரியாவில் பிறந்து, பின்னர் தாய்லாந்துக் குடியுரிமை பெற்ற சோய் யங்-சோக். கண்டிப்புக்குப் பேர்போனவர். முந்தைய பதக்கக்காரியோடு பயிற்சிக் களத்தில் மோதி வளரும் வாய்ப்பு அடுத்த பெண்ணுக்கு அங்கே கிடைக்கிறது; எத்தனை வெளிநாட்டுப் போட்டிகளுக்குக் காசு செலவழித்தாலும் அதற்கு ஈடாகாது.

டோக்கியோ இறுதி ஆட்டத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எதிரே நின்றவர் ஸ்பெயினின் அட்ரியானா செரெஸோ, வயது 17. இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற சீனாவின் வூ ஜிங்யூவைக் காலிறுதியில் 33–2 என்று வீழ்த்திவிட்டு வந்திருந்தார். கவசத்தில் குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று உதைத்தால் கூடுதலாக 2 புள்ளிகள். கடைசி நொடிகளில் செரெஸோ 10–9 என்று முன்னிலையில் இருந்தார். அப்போது பனிபக்கின் கால் மார்புக் கவசத்தில் பட, 11–10 என ஆட்டம் திரும்பியது. இருவருக்கும் உதைக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குப் படவில்லை; ஒருவர் ஐந்தாறு ஆண்டுகளாகச் சீனியர் களத்தில் இத்தகைய நொடிகளைக் கண்டவர், மற்றவர் அப்போதுதான் கண்டார்.

இதற்கு எதிர்ப்புறம் கொரியாவின் லீ டே-ஹூன். பள்ளி மாணவராக இருக்கும்போதே 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் 63 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர்; 2011இல் அதே பிரிவில் உலகச் சாம்பியன். ஆனால் 63 கிலோ ஒலிம்பிக்கில் இல்லை. ஆகவே லண்டனில் 58 கிலோவுக்கு இறங்கி வெள்ளி, ரியோவில் 68 கிலோவுக்கு ஏறி வெண்கலம். மூன்று முறை உலகப் பட்டமும் மூன்று முறை ஆசியத் தங்கமும் பெற்ற அந்த வீரருக்கு ஒலிம்பிக் தங்கம் மட்டும் கடைசி வரை வாய்க்கவில்லை. எடை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ரியோவில் அவரைக் காலிறுதியில் வென்ற ஜோர்டானின் அகமது அபுகௌஷ் அங்கே தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே, அதுவும் தங்கமாக, வென்றவர். இருந்தாலும் 63இல் இயல்பாக ஆடிய ஓர் உடலை ஐந்து கிலோ கீழேயும் ஐந்து கிலோ மேலேயும் இழுத்தது ஒலிம்பிக் எடைப்பிரிவு அட்டவணைதான்.

எடை குறைப்பதே கூடாதென்று வாதிட்டால் கிம் யூ-ஜின் குறுக்கே வந்து நிற்பார். 183 சென்டிமீட்டர் உயரம். 57 கிலோ பிரிவு. உலகத் தரவரிசையில் 24ஆம் இடத்திலிருந்து வந்து, தனக்கு மேலே இருந்தவர்களை வரிசையாக வீழ்த்திப் பாரிஸில் தங்கம் வென்றார். முன்காலைத் தூக்கி எதிராளியைத் தொலைவிலேயே நிறுத்தும் இன்றைய ஆட்டமுறையில், மெலிந்த நெடிய உடலுக்கு இருக்கும் சாதகம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் உணவைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தி அதற்குத் தன்னை ஆயத்தப்படுத்தியபோது அவர் வளர்ந்து முடிந்த வயதினர். அதே முறையை 15 வயதுப் பிள்ளைமீது ஏற்றி, போட்டிக்கு முந்தைய நாள் எடை பார்க்கும் வரை பட்டினி போட்டு, வாயில் ஐஸ்கட்டியை மட்டும் கொடுத்து உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜூனியர் வயதில் இப்போதுதான் நுழைந்திருக்கும் என் மகளும் ஒரு பிரிவு இறங்கினால் பதக்கம் எளிது என்று தோழிகளோடு சேர்ந்து கணக்குப் போடுகிறாள். அவள் பயிற்சியாளர் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் இல்லை. இருக்கும் எடையிலேயே ஆடப் போகிறாள், முதல் சுற்றிலேயே தோற்றாலும்.